யூரியாவும் நிக்கல் உலோகமும்

வயலில் இடும் யூரியாவைப் பெரும்பாலும் மண்ணிலுள்ள யூரியேஸ் என்னும் நொதியே அம்மோனியாவாக மாற்றுகிறது. இந்நொதியை முதன்முதல் படிகமாகப் பிரித்தவர் அமெரிக்காவிலுள்ள கார்னெல் சர்வகலாசாலையின் ஜேம்ஸ் சம்னர். 17 வயதில் வேட்டையின்போது இடக்கையை இழந்தவர். அதுவே அவருக்குப் பழகிய கை. ஆய்வுக்கூடத்தில் இஃது எத்துணை இடர் என்பது சொல்லவேண்டுவதில்லை. 1917-ல் வாளவரை இனத்துப் பயறொன்றின் மாவைக் கொண்டு தொடங்கிய ஆராய்ச்சி 1926-ல் கைகூடிற்று. நொதி புரதமே என்ற அவர் கூற்றை ஜெர்மானிய வித்வான்கள் பல ஆண்டுகள் ஒப்பவில்லை. 1946-லேதான் நோபெல் பரிசு கிடைத்தது.

அப்படிகத்தில் நிக்கல் உலோகம் உண்டென்பதை அவர் அறியாமலே 1955-ல் காலமானார். 1975-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து சர்வகலாசாலையார் அதனைக் கண்டனர். நிக்கல் இன்றி இந்நொதி தொழிற்படாது.

யூரியாவை மேலாகத் தூவி விட்டால், நொதியால் உண்டாகும் அம்மோனியா காற்றிற் கலந்து விரயமாகும். ஆதலின் குடியானவர்கள் அதனை மண்ணோடு கலந்து இடவேண்டும்.