மண்சரிவு: எச்சரிக்கை மட்டும் போதுமா?

ஐப்பசி, கார்த்திகை மழையில் ராகலைத் தோட்டங்களில் எமது மக்கள் அச்சத்தோடுதான் உறங்குகிறார்கள். 2007 ஜனவரியில் வலப்பனைப் பகுதியில் மலை சரிந்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் மழை நுவரெலியா மாவட்டத்தில் பல உயிர்களைக் கொண்டுபோனது.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணில் புதையுண்டன. அவ்விடம் ஆபத்தானது எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மக்கள் ஏன் வெளியேறவில்லை என்று பலர் கேட்டனர். சொந்தக் காணி இல்லாதவர் எங்கே போவது என்று நாம் கேட்கிறோம்.

நிலத்தில் வெடிப்பு, சாயும் மரம், இறுகிப்போன கதவு, திடீரெனக் கலங்கும் ஊற்று ஆகியன மலை அசைவதன் அறிகுறிகள். பீலிக்குப் போகும் பெண்களே கலங்கல் நீரை முதலில் காண்கிறார்கள். நாமோ கூட்டத்துக்கு ஆண்களையே அழைத்து வந்தோம். அது எமது தவறு.

மழைக்கு முன்பே கான்களை வெட்டித் துப்புரவாக்க வேண்டும். இரவில் எந்தப் பாதையால் எங்கே போவது, நோயாளரை யார் தூக்குவது என்பதைப் பகலிலேயே பேசி முடிவுசெய்ய வேண்டும். ஆலயத்தில் தங்குவதானால், அது நிற்கும் நிலம் உறுதியானதா என முதலில் பார்க்க வேண்டும். திறப்பு யாரிடம் இருக்கும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.