அளந்த பாலுக்கு அன்றே பணம்

குஜராத் விவசாயிகள் சங்கம் கண்ட வரலாறு

விளைவிப்பவன் ஒருவன், விலை வைப்பவன் வேறொருவன். நம் நாட்டு விவசாயியின் நெடுநாளைய குறை இதுதான். ஊரில் காணி நிலமோ, இரண்டு கறவை மாடோ வைத்திருக்கும் குடும்பத்திலிருந்து மும்பைக்குப் பிழைக்க வந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வாழையும் தக்காளியும் மண்டிக்குப் போன பிறகு தரகு, ஏற்றுகூலி, எடைக்கழிவு எல்லாம் போக மிஞ்சுவது என்ன என்பது வீட்டோடு பேசும்போதெல்லாம் காதில் விழுகிற செய்திதான்.

இந்தக் குறையைத் தாங்களே முன்னின்று தீர்த்துக்கொண்ட விவசாயிகள், மும்பையிலிருந்து ஓர் இரவு ரயில் பயணத் தொலைவில் இருக்கிறார்கள். குஜராத்திலுள்ள ஆனந்த் நகரையும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களையும் சேர்ந்தவர்கள் அவர்கள். 'அமுல்' வெண்ணெயை அறியாதவர் இல்லை. ஆனால் அது தனி முதலாளி ஒருவரின் கம்பெனி அல்ல, மாடு கறப்பவர்களின் சங்கம் என்பதும், அந்தச் சங்கம் பிறந்ததற்குக் காரணமே பம்பாய் நகரின் பால் தேவை என்பதும் பலர் அறியாத விஷயம்.

பம்பாய்க்குப் போன பால்

1945ஆம் ஆண்டில் அன்றைய பம்பாய் அரசாங்கம் நகர மக்களுக்கு நல்ல பால் வழங்க ஒரு திட்டம் தொடங்கியது. சுமார் 400 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கைரா (இன்றைய கேடா) மாவட்டத்திலிருந்து பால் தருவிக்க ஏற்பாடாயிற்று. ஆனந்தில் ஏற்கெனவே பால் பண்ணை நடத்திவந்த பால்சன் கம்பெனிக்கு அந்தக் காண்டிராக்ட் கிடைத்தது. கம்பெனிக்கும் விவசாயிக்கும் நடுவே தரகர்கள் இருந்தார்கள். நகரத்தில் விலை ஏறினாலும் கறந்தவன் கைக்கு அது வந்து சேரவில்லை.

நெல்லைக் குதிரில் கொட்டி வைக்கலாம். மிளகாயை உலர்த்தி வைக்கலாம். காலையில் கறந்த பாலோ பொழுது சாய்வதற்குள் திரிந்துவிடும். "இந்த விலைக்கு வேண்டாம்" என்று திருப்பிக்கொண்டு போக முடியாது. வாங்குகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதுவே அவர்களுடைய பலம்.

விவசாயிகள் சர்தார் வல்லபபாய் படேலிடம் முறையிட்டார்கள். "உங்கள் பாலை நீங்களே சங்கம் வைத்து விற்றுக்கொள்ளுங்கள்" என்பதே அவருடைய யோசனை. மொரார்ஜி தேசாயை அவர் அனுப்பிவைத்தார். 1946 ஜனவரி 4ஆம் தேதி சமர்க்கா என்ற கிராமத்தில் கூட்டம் நடந்தது. ஊருக்கு ஒரு சங்கம் அமைப்பது, அவற்றை ஒரு மாவட்ட யூனியனாக இணைப்பது, அரசாங்கம் அந்த யூனியனிடமே பால் வாங்க வேண்டும் என்று கேட்பது, மறுத்தால் எந்தக் காண்டிராக்டருக்கும் பால் ஊற்றுவதில்லை என்று முடிவாயிற்று.

அரசாங்கம் மறுத்தது. விவசாயிகள் பாலை நிறுத்தினார்கள். 15 நாட்கள் வியாபாரிகளுக்குப் பால் போகவில்லை. பம்பாயின் பால் திட்டம் தடுமாறியது. பால் கமிஷனரே ஆனந்துக்கு வந்து நிலைமையைப் பார்த்துக் கோரிக்கையை ஏற்றுக்கொண்டார். 1946 டிசம்பர் 14ஆம் தேதி கைரா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் யூனியன் பதிவாயிற்று. சுதந்திரப் போராட்ட வீரரான திரிபுவன்தாஸ் படேல் அதன் தலைவரானார்.

சங்கத்தின் வாசலில்

போராட்டத்தில் வெல்வது ஒன்று. சங்கத்தை நடத்திக் காட்டுவது வேறு. ஆரம்பத்தில் யூனியனில் இருந்தவை 2 கிராமச் சங்கங்கள். நாளொன்றுக்குச் சுமார் 250 லிட்டர் பால். 1948 ஜூனில் பாலைப் பதப்படுத்தி பம்பாய்க்கு அனுப்பத் தொடங்கினார்கள். அந்த ஆண்டின் முடிவில் உறுப்பினர்கள் 432 பேர்; நாள் ஒன்றுக்கு 5,000 லிட்டர்!

கிராமத்தார் நம்பி வந்ததற்குக் காரணம், சங்கத்தின் வாசலில் தினந்தோறும் நடந்த காரியம். காலையும் மாலையும் உறுப்பினர்கள் பாத்திரத்தோடு வரிசையில் நிற்பார்கள். நாலு எருமை வைத்திருப்பவரும் ஒற்றை எருமை வைத்திருக்கும் விதவைப் பெண்ணும் ஒரே வரிசைதான். மேல்சாதி, கீழ்சாதி என்று தனி வரிசை இல்லை. எல்லாப் பாலும் ஒரே கேனில்தான் போய்ச் சேர்கிறது. பாலை எல்லார் கண்முன்னும் அளப்பார்கள். ஒவ்வொருவர் பாலிலும் கொஞ்சம் மாதிரி எடுத்துக் கொழுப்புச் சத்தைச் சோதிப்பார்கள். அளவுக்கும் சத்துக்கும் ஏற்பத்தான் விலை. தண்ணீர் கலந்தால் கலந்தவருக்கே நஷ்டம்.

காலைப் பாலுக்கு மாலையில் பணம். மாலைப் பாலுக்கு மறுநாள் காலையில் பணம். அன்றாடம் உப்பு, புளி வாங்கவேண்டிய குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை வாசகர்கள் அறிவார்கள். வியாபாரி முன்பணம் கொடுத்துக் கட்டிப்போட்டிருந்த கயிறு இந்தப் பட்டுவாடாவினால்தான் அறுந்தது. ஆண்டு முடிவில் சங்கத்துக்கு மிச்சம் இருந்தால், ஊற்றிய பாலுக்குத் தக்கபடி போனஸ். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரே ஓட்டு.

குளிர்காலத்துச் சிக்கல்

எருமை எல்லா மாதமும் ஒரே அளவு கறப்பதில்லை. குளிர்காலத்தில் பால் பெருகும், கோடையில் வற்றும். பெருகிய பால் முழுவதையும் பம்பாய் வாங்கிக்கொள்ளாது. "இன்று இவ்வளவுதான் எடுப்போம்" என்று சங்கமே உறுப்பினரைத் திருப்பி அனுப்பினால், அவர் பழைய வியாபாரியிடம்தான் போவார். ஆகவே மிஞ்சும் பாலை வெண்ணெயாகவும் பவுடராகவும் மாற்றச் சொந்தத் தொழிற்சாலை வேண்டியதாயிற்று.

இந்த இடத்தில்தான் வர்கீஸ் குரியனின் பெயர் வருகிறது. கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்த இவர் 1949இல் அரசாங்க உத்தியோகத்தில் ஆனந்துக்கு வந்தவர். திரிபுவன்தாஸ் கேட்டுக்கொண்டதற்கிணங்க யூனியனின் வேலையை ஏற்றார். எருமைப் பாலைப் பவுடராக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் பலர் சொல்லிவந்த காலம் அது. குரியனின் நண்பரான எச். எம். தலாயா அதைச் செய்து காட்டினார். 1955 அக்டோபர் 31ஆம் தேதி பிரதமர் நேரு புதிய தொழிற்சாலையைத் திறந்து வைத்தார். குளிர்காலத்துப் பாலுக்கும் வழி பிறந்தது.

ஒரு வேடிக்கையையும் இங்கே குறிப்பிட வேண்டும். பால் கொடுக்க மாட்டோம் என்று எந்தத் திட்டத்தை எதிர்த்து ஆனந்த் விவசாயிகள் நின்றார்களோ, அந்தப் பம்பாய்ப் பால் திட்டத்தை வளர்த்து, பின்னாளில் கோரேகாவில் ஆரே பால் காலனியை உருவாக்கியவர் தாரா குரோடி. 1963ஆம் ஆண்டு மகசேசே விருது குரோடி, திரிபுவன்தாஸ், குரியன் ஆகிய மூவருக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது.

வாங்குவதிலும் ஒற்றுமை

விற்பதில் மட்டும் ஒன்றுகூடினால் பாதிக் கிணறு தாண்டியதுபோலத்தான். பால் விலையில் கிடைத்த லாபத்தைத் தீவனக் கடைக்காரர் வாங்கிக்கொண்டால் என்ன பயன்? எனவே யூனியன் கஞ்சரி என்ற ஊரில் சொந்தத் தீவனத் தொழிற்சாலை கட்டியது. தீவன மூட்டைகள் கிராமச் சங்கத்தின் மூலமாகவே உறுப்பினர்களுக்குக் கிடைத்தன. கால்நடை மருத்துவர், சினை ஊசி ஆகிய வசதிகளும் அப்படியே வந்தன. தனி விவசாயி ஒருவர் டாக்டரை அமர்த்த முடியாது. ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தால் முடியும்.

அந்தத் தொழிற்சாலையை 1964 அக்டோபர் 31ஆம் தேதி திறக்க வந்த பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, முன்னிரவில் அஜர்புரா என்ற கிராமத்தில் ஒரு விவசாயி வீட்டில் தங்கினார். மண்ணிலோ மாட்டிலோ இங்கு தனிச்சிறப்பு ஒன்றும் இல்லையே, பிறகு எப்படி வெற்றி கிடைத்தது என்று விசாரித்தார். சொந்தக்காரர்கள் விவசாயிகளே என்பதுதான் அவர் கண்ட விடை. அதன் விளைவாக 1965இல் தேசியப் பால்வள வாரியம் ஆனந்தில் அமைந்தது. 1970 முதல் 1996 வரை நடந்த 'வெண்மைப் புரட்சி'த் திட்டம் இந்த முறையை நாடெங்கும் கொண்டு சென்றது. தமிழ்நாட்டின் 'ஆவின்' இணையமும் இதே மூன்றடுக்கு அமைப்பில் 1981இல் உருவானதுதான்.

எல்லாப் பொருளுக்கும் பொருந்துமா?

பொருந்தும், ஆனால் அப்படியே அல்ல. பால் தினமும் வரும், பணமும் தினமும் வரும். உறுப்பினர் சங்கத்தை நாளைக்கு இருமுறை பார்க்கிறார். தப்பு நடந்தால் உடனே தெரிந்துவிடும். தக்காளியோ வெங்காயமோ பருவத்துக்கு ஒருமுறை வருவது. ஒரே வாரத்தில் குவியும், விலை சரியும். அதற்குக் கிடங்கு வேண்டும், சரக்கு விற்கும்வரை விவசாயிக்குக் கொடுக்க முதல் வேண்டும். இவை இல்லாமல் பெயர்ப்பலகை மட்டும் மாட்டிய சங்கங்கள் பல நின்றுபோயின.

இன்னொரு ஆபத்து, உறுப்பினர்களிடமிருந்தே வருவது. தட்டுப்பாடு காலத்தில் வியாபாரி கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுப்பார். அந்த ஒரு ரூபாய்க்கு ஆசைப்பட்டுச் சரக்கை அவரிடம் போட்டால் சங்கம் மெலியும். சங்கம் படுத்த மறுநாள் வியாபாரியின் விலையும் படுத்துவிடும்.

சங்கம் அமைக்கச் சட்டத்தில் இன்று இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, கூட்டுறவுச் சட்டப்படி பதிவு செய்வது. மற்றொன்று, 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் கம்பெனிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 'உற்பத்தியாளர் கம்பெனி'. விளைவிக்கும் 10 பேர் சேர்ந்தாலே இதைப் பதிவு செய்யலாம். இதிலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். இத்தகைய அமைப்புகள் 10,000 உருவாக்க மத்திய அரசு 2020இல் ஒரு திட்டம் தொடங்கியது. விளைபொருளை மொத்தமாக விற்பதும், விதை, உரம், பூச்சிமருந்து ஆகியவற்றை மொத்தமாக வாங்கிப் பங்கிடுவதும் இவற்றின் முதல் வேலைகள்.

நாம் செய்யக்கூடியது

வெளியூரில் இருக்கும் நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். கணக்குப் பார்ப்பதும் ரசீது எழுதுவதுமே நம்மில் பலருக்குத் தொழில். சரக்குப் பிடித்து எடை போடுகிறவர்களும் நம்மிடையே உண்டு. கிராமச் சங்கங்களுக்குக் குறைவாக இருப்பது இந்தப் பழக்கம்தான். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது நாலு கேள்விகள் கேளுங்கள். தராசு எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி இருக்கிறதா? போட்ட சரக்குக்கு அன்றே ரசீது உண்டா? பணம் எத்தனை நாளில் வருகிறது? தணிக்கை அறிக்கையைப் பொதுக்குழுவில் படித்துக் காட்டுகிறார்களா?

சங்கமே இல்லாத ஊரானால், ஒரே பயிர் செய்யும் பத்து வீட்டாரை ஒரு திண்ணையில் உட்கார வையுங்கள். முதலில் உர மூட்டைகளை மட்டும் சேர்ந்து வாங்கிப் பார்க்கட்டும். அந்தக் கணக்கு ஒரு பைசா பிசகாமல் முடிந்தால், அடுத்த பருவத்தில் விளைச்சலையும் சேர்த்து விற்கும் துணிவு தானே வரும். ஆனந்திலும் 2 கிராமங்களில்தான் தொடங்கினார்கள்.