உலோகம் குடிக்கும் ஓரிதழ் தாமரை

கல்முனைக் கடற்கரையில் ஓடி விளையாடியவர்களுக்கு அடம்பன் கொடியையும் இராவணன் மீசையையும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உப்புக்காற்றுக்கும் ஓடும் மணலுக்கும் ஈடுகொடுத்து, அந்த மணலையே பிடித்து நிறுத்துபவை அவை. மண்ணுக்கேற்ற செடி என்பதை இன்னும் வியப்பாகக் காண ஆசையிருந்தால், பொத்துவில், மொனறாகலை வழியாகத் தெற்கே இறங்கி உஸ்ஸன்கொடைக்குப் போய் நடந்து பாருங்கள்.

ஹம்பாந்தோட்டை மாவட்டத்தில், அம்பலாந்தோட்டைக்கும் தங்காலைக்கும் இடையே கடலோரமாக நிற்கும் மேட்டுநிலம் அது. பற்றைக்காட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கையில் மரங்கள் சட்டென்று முடிந்துவிடும். எதிரே செங்கல் தூளை அள்ளிப் பரப்பியதுபோல் ஒரு வெட்டவெளி. இராவணனின் விமானம் இறங்கிய இடம் இது என்று ஊர்க்கதை சொல்கிறது.

மண்ணியல் சொல்லும் கதை வேறு. அம்பாறைக் கரை உட்பட நமது கிழக்குப் பகுதி விஜயன் பாறைத்தொகுதியின் மேல் அமைந்திருக்கிறது. அது மத்திய உயர்நிலப் பாறைத்தொகுதியைச் சந்திக்கும் எல்லை நெடுகிலும் அங்கங்கே செர்பன்டைன் என்ற பாறை வெளிப்படுகிறது. உஸ்ஸன்கொடை அவற்றில் ஒன்று. இரும்பும் மக்னீசியமும் நிறைந்த ஆழ்நிலப் பாறை நீரோடு வினைபுரிந்து உருவானது இது. பாறை பச்சை சாயலானது. அது சிதைந்து, அதிலுள்ள இரும்பு துருவேறும்போது மண் சிவக்கிறது.

இந்த மண்ணில் பயிருக்கு வேண்டிய தழை, மணி, சாம்பல் சத்துகள் குறைவு. கல்சியத்தை மிஞ்சி மக்னீசியம். போதாததற்கு நிக்கலும் குரோமியமும் கோபால்ற்றும். பெரும்பாலான செடிகளுக்கு இது நஞ்சு. தாக்குப்பிடிப்பவையும் கடற்காற்றில் குறுகித் தரையோடு தரையாகக் கிடக்கின்றன.

முழங்காலிட்டுக் குனிந்தால்தான் அவை கண்ணில் படும். சட்டைப் பொத்தான் அளவில் நீலப் பூவோடு படர்ந்திருப்பது விஷ்ணுகிரந்தி. பக்கத்தில், ஒற்றை இதழ் மட்டும் பெரிதாக இளஞ்சிவப்பில் விரிந்து நிற்பது ஓரிதழ் தாமரை. மற்ற நான்கு இதழ்களும் மிகச் சிறியவை என்பதால் வந்த பெயர்.

சாதாரணச் செடி ஒன்றின் ஒரு கிலோ காய்ந்த இலையில் நிக்கல் சில மில்லிகிராம்தான் இருக்கும். 1,000 மில்லிகிராமைத் தாண்டினால் அதை மிகை உலோகச் சேமிப்புத் தாவரம் என்பார்கள். உஸ்ஸன்கொடையின் ஓரிதழ் தாமரையும் விஷ்ணுகிரந்தியும் அந்த அளவைத் தாண்டியவையாக ஆய்வில் பதிவாகியுள்ளன. பசிபிக்கில் உள்ள நியூ கலிடோனியாத் தீவில், நிக்கல் மிகுந்து நீலப்பச்சையாகப் பால் வடிக்கும் மரமே உண்டு. உலோகம் ஏறிய இலையைப் பூச்சிகள் கடிக்கத் தயங்குகின்றன. நஞ்சையே கேடயமாக்கிக்கொண்ட செடிகள் இவை என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள்.

2010இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட நிலம் இது. கண்ணால் பார்த்து வாருங்கள். ஓர் இலையைக்கூடப் பறிக்க வேண்டாம், பிடி மண்ணும் அள்ள வேண்டாம். இங்கே பார்த்த இரண்டு செடிகளும் நாட்டு வைத்தியத்தில் பேர்போனவை. இனி யாராவது மூலிகை கொண்டுவந்து தந்தால், அதன் பெயரைக் கேட்பதோடு நில்லாமல் எந்த மண்ணில் பிடுங்கியது என்றும் கேளுங்கள்.