படகிழுக்கும் பட்டம்

புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர்க் கொம்யூனின் நரம்பை, பனித்திட்டு முதலிய கரையோரக் கிராமங்களில், யந்திரம் வந்து புகுவதற்கு முன்னர், கயிற்றால் பிணைத்த கட்டுமரத்தின்மீது முக்கோணப் பாயை விரித்து, வாடையும் தென்றலும் மாறும் பருவமறிந்து கடலேறி மீண்ட மீனவரின் வித்தை, காற்றை நீர்மட்டத்தை ஒட்டியே வசப்படுத்தும் வித்தையாகும். அலைப்பரப்பின் உராய்வால் அங்கே வேகம் குன்றும் காற்று, மேலே செல்லச் செல்ல வலுப்பெறுகிறது. அந்த உயர்காற்றை எட்டிப் பிடித்து, ஆகாயத்தில் எட்டு வடிவில் சுழன்று சுழன்று, தன் வேகத்தாலேயே இழுவிசையைப் பெருக்கிக்கொள்ளும் பட்டம், பாய்மரம் சாய்க்குமளவு படகைச் சாய்த்துவிடாமல், தளத்தருகே கட்டிய கயிற்றின் வழியே அதனை முன்னே கொண்டுசெல்கிறது.

சாமுவேல் கோடி என்பார் 1903 நவம்பரில், பட்டம் இழுத்த சிறு படகில், பிரான்ஸின் கலேயிலிருந்து இங்கிலாந்தின் டோவரை அடைந்தார். ஆயினும், கடலில் விழுந்த பட்டத்தை மறுபடி எழுப்புவது நெடுநாள் பெருங்கஷ்டமாகவே இருந்தது. அதற்கு வழிகண்டவர்கள், புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுக் கம்பெனிக் கப்பல்களின் தாய்த்துறைமுகமாகிய லோரியான் அமைந்த பிரித்தானிப் பிரதேசத்தைச் சேர்ந்த லெகைனூ சகோதரர்கள். 1984இல் அவர்கள் காப்புரிமை கோரிய, முன்விளிம்பில் காற்றடைத்த குழாய் பொருந்திய பட்டம், நீரில் மூழ்காது மிதந்து, கயிற்றைச் சுண்டியிழுத்தால் மீண்டும் விண்ணேறும். இவ்வரலாற்றில் மிகவும் போற்றத்தக்க யுக்தி இதுவே.

2008இல் 'பெலூகா ஸ்கைசெயில்ஸ்' என்னும் ஜெர்மானியச் சரக்குக் கப்பல், எண்ணெய்ச் செலவைக் குறைக்கும் பொருட்டு, 160 சதுர மீட்டர்ப் பட்டமொன்றை யந்திரத்துக்குத் துணையாக இடையிடையே பறக்கவிட்டு, அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்தது.