பெட்டியில் அச்சடித்த 16949

கண்டியில் மோட்டார் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் நமது சகோதரர்கள் இந்த இலக்கத்தைத் தினமும் காண்கிறார்கள். பஞ்சிகாவத்தையிலிருந்து வரும் பிரேக் பெட் பெட்டிகளில் சிலவற்றில் 'ஐஎஸ்ஓ டிஎஸ் 16949' என்றும், சிலவற்றில் 'ஐஏடிஎஃப் 16949' என்றும் அச்சடித்திருக்கும். வாடிக்கையாளர் கேட்டால், "நல்ல சாமான் என்றதுக்கு அடையாளம்" என்று சொல்லி விற்று விடுகிறோம். உண்மையில் அது எதற்கு அடையாளம்?

அமெரிக்காவின் கிரைஸ்லர், ஃபோர்ட், ஜெனரல் மோட்டர்ஸ் ஆகிய மூன்றும் சேர்ந்து 1994இல் தமக்குப் பொருள் வழங்குவோருக்காக 'கியூஎஸ் 9000' என்ற தர விதிகளைக் கொண்டு வந்தன. ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலிக்காரருக்கோ வேறு வேறு விதிகள். ஒரே ஆணியை நாலு பேருக்கு விற்க நாலு பரீட்சை எழுத வேண்டியிருந்தது. இந்தத் தலையிடியைத் தீர்க்கவே 1999இல் டிஎஸ் 16949 பிறந்தது. 2016 ஒக்டோபரில் அதன் இடத்துக்கு ஐஏடிஎஃப் 16949 வந்தது. பழைய சான்றிதழ்கள் 2018 செப்டெம்பரோடு செல்லாமற் போயின. ஆகவே இன்று பழைய பெயரைத் தாங்கி வரும் பெட்டி, ஒன்றில் பழைய ஸ்டொக்; அல்லது அச்சடித்தவர் விடயம் தெரியாதவர்.

இன்னொன்று முக்கியம். இந்தச் சான்றிதழ் ஒரு பிரேக் பெட்டுக்குக் கொடுப்பதல்ல. அதைச் செய்யும் தொழிற்சாலையின் வேலை முறைக்குக் கொடுப்பது. அதுவும் வாகனக் கம்பனிகளுக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ பொருள் வழங்கும் தொழிற்சாலைக்கு மாத்திரம். வாங்கி விற்கும் கடைக்கோ களஞ்சியத்துக்கோ அது கிடைக்காது. "எங்கள் கடை 16949 பெற்றது" என்று யாராவது போர்ட் போட்டால் நம்ப வேண்டாம். கடைக்கு வேண்டுமானால் ஐஎஸ்ஓ 9001 எடுக்கலாம், அது வேறு கதை.

அந்த முறையில் அப்படி என்ன இருக்கிறது? பழுதைப் பிடிப்பதை விடப் பழுது வராமற் தடுப்பதுதான் அதன் உயிர். எந்த இடத்தில் எது பிழைக்கக்கூடும் என்று உற்பத்திக்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். வாகனக் கம்பனி முதலில் மாதிரிகளைப் பார்த்து அங்கீகரிக்க வேண்டும். அந்த மாதிரிகள் தனியாகச் செய்து காட்டியவையாக இருக்கக் கூடாது. வழமையான இயந்திரத்தில், சாதாரணமாகக் குறைந்தது 300 துண்டுகள் தொடர்ச்சியாக ஓடிய உற்பத்தியிலிருந்து எடுத்தவையாக இருக்க வேண்டும். அளக்கும் கருவியையே சோதிக்க வேண்டும். தராசு பிழையென்றால் நிறுவை எப்படிச் சரியாகும்?

நமக்குப் பக்கத்தில் சென்னையைப் பாருங்கள். டிவிஎஸ் குழுமத்தின் சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு 1998இல் ஜப்பானின் டெமிங் விருதைப் பெற்றது. சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 2001இல் பெற்றது. சுவரில் தொங்கும் சட்டத்தால் வந்த பெயரல்ல இது, பல வருடப் பழக்கத்தால் வந்தது. மறுபக்கம், ஜப்பானின் டகாட்டா கம்பனி எயார் பேக் பரிசோதனைத் தரவுகளைத் திரித்து கார் கம்பனிகளுக்குக் கொடுத்தது. 2017 ஜனவரியில் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 100 கோடி டொலர் கட்டச் சம்மதித்தது. ஆறு மாதத்துக்குள் வங்குரோத்து.

தானியக் குவியலுக்குள் கைவிட்டு அடியில் ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட சம்பவம் நாமறிந்ததே. கடுகண்ணாவ இறக்கத்தில் ஐம்பது பேரோடு வரும் பஸ்ஸுக்கு லைனிங் விற்பவர் அதை மறக்க முடியாது.

இறக்குமதியாளரிடம் சான்றிதழின் பிரதியைக் கேளுங்கள். எந்த ஊர்த் தொழிற்சாலை, என்ன பொருளுக்கு, எப்போது முடிகிறது என்று அதிலேயே இருக்கும். செல்லுபடி மூன்று வருடம்தான். பெட்டியிலுள்ள பெச் இலக்கத்தைப் பில்லில் எழுதிக் கொடுங்கள். நாளை அந்தத் தொகுதியில் குறை என்று தெரிந்தால் யாருக்கு விற்றோம் என்று தேடிப் பிடிக்கலாம். இதற்குக் கணினி தேவையில்லை, பில் புத்தகத்தில் ஒரு கோடு கூடுதலாகக் கீறினால் போதும்.