டென்ஷனுக்குள் மறைந்திருக்கும் நோய்கள்

பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு என்றாலும் டென்ஷன், மாதக் கடைசி என்றாலும் டென்ஷன், குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் டென்ஷன். வீட்டுப் பேச்சில் இந்தச் சொல்லால் ஒரு கெடுதலும் இல்லை. மருத்துவமனைக்குள்ளும் இதை மட்டுமே சொல்லி நிறுத்திக்கொள்வதுதான் கவலைக்குரியது. கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில், ‘டென்ஷனைக் குறைச்சுக்குங்க’ என்ற பதிலோடு பலர் வெளியே வந்துவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் நோய் சோதிக்கப்படாமலே போகிறது.

உடம்பு எதற்குப் பதறுகிறது?

ஆபத்து என்று மூளை உணர்ந்த கணமே அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு வாங்குகிறது, கை வியர்க்கிறது. சற்றுப் பிந்தி கார்ட்டிசால் வருகிறது. நெருக்கடி தீர்ந்ததும் இவை அடங்கிவிட வேண்டும், இது நோயல்ல. அடங்காமல் நீண்டுகொண்டே போனால் உடம்பு தேயத் தொடங்குகிறது. மான்ட்ரியலில் ஆய்வு செய்த ஹான்ஸ் செல்யே 1936-இல் இதை எலிகளிடம் கண்டார். கடுங்குளிர், காயம், நஞ்சு என்று துன்பம் எதுவானாலும் அவற்றின் அட்ரினல் சுரப்பி வீங்கியது, இரைப்பையில் புண் வந்தது. இன்று நாம் ஸ்ட்ரெஸ் என்று பேசும் மருத்துவக் கருத்து வளர்ந்தது அங்கிருந்துதான்.

பி.பி. வேறு, டென்ஷன் வேறு

எனக்கு மிகவும் வருத்தம் தரும் குழப்பம் இதுதான். ‘நான் எதுக்குமே டென்ஷன் ஆக மாட்டேனே, எனக்கு எப்படி பி.பி. வரும்?’ என்று கேட்பவர்கள் ஏராளம். உயர் ரத்த அழுத்தத்தின் ஆங்கிலப் பெயரான ஹைப்பர்டென்ஷனிலேயே இந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருப்பது குழப்பத்தைக் கூட்டுகிறது. அங்கே அது குறிப்பது ரத்தக்குழாய்ச் சுவரின் மேல் விழும் அழுத்தத்தை. மனத்தின் நிலையை அல்ல. சாந்தமே உருவானவருக்கும் பி.பி. இருக்கலாம். பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் தெரியாது.

இந்தக் குழப்பத்துக்கு நாம் கொடுக்கும் விலை பெரிது. மகள் கல்யாணம் முடிந்தது, கடன் அடைந்தது, மனசு லேசாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அழுத்தம் சத்தமில்லாமல் மறுபடி ஏறுகிறது. பின்னர் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ சிறுநீரகக் கோளாறாகவோ அது வெளிப்படும்போது, நிறுத்திய மாத்திரை யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

கோபமும் பயமும் அழுத்தத்தைத் தற்காலிகமாக ஏற்றுவது உண்மை. மருத்துவரைப் பார்த்த பதற்றத்திலேயே சிலருக்கு ஏறும். அதனால்தான் ஒரே ஒரு அளவை வைத்து முடிவு செய்வதில்லை. அளப்பதற்கு முன் அரை மணி நேரம் காபி, டீ, பீடி, சிகரெட் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். வெவ்வேறு நாட்களிலும் 140/90 அல்லது அதற்கு மேல் காட்டினால் சிகிச்சை தேவை. உப்பும் இதில் பெரிய பங்காளி: ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் இருப்பதும் இந்தக் கணக்கில் சேரும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வாங்கி வைத்தால் போதாது, விடாமல் சாப்பிட வேண்டும்.

படபடப்பு வந்தால்

நெஞ்சுவலி, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் டென்ஷன் என்று வீட்டில் உட்காரக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போய் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். பெண்கள் சொல்லும்போது இதை அலட்சியப்படுத்தும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அடிக்கடி வரும் படபடப்புக்குத் தைராய்டும் ரத்தசோகையும் காரணமாகலாம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தும் திடீர் திடீரென்று செத்துவிடுவோமோ என்ற பயம் வந்து அமுக்கினால், அது குணப்படுத்தக்கூடிய பதற்ற நோய். மனநல மருத்துவரிடம் போகலாம்.

இரண்டு வாரம் தாண்டினால்

தலைவலி, உடம்பு வலி, அசதி என்று ஊசி போட்டுக்கொள்ள வருபவர்களில் சிலருக்கு உள்ளே இருப்பது மனச்சோர்வு. பிடித்த வேலையில் நாட்டமில்லை, விடியுமுன் விழிப்பு, சோறு இறங்கவில்லை, எதற்கெடுத்தாலும் எரிச்சல் என்று நாளின் பெரும்பகுதி இரண்டு வாரமாக நீடித்தால் அதைச் சிகிச்சைக்குரிய நோயாகப் பார்க்க வேண்டும். பிள்ளை பெற்ற தாயிடம் இது தெரிந்தால் தாமதமே கூடாது. மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும்; பத்து நாளில் பலனில்லை என்று விட்டுவிடுகிறவர்களே அதிகம் ஏமாறுகிறார்கள்.

தூக்க மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வதும், டென்ஷன் தீரட்டும் என்று குடிப்பதும் நோயை ஆழமாக்கும். பல நாள் சாப்பிட்ட தூக்க மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம்.

மருத்துவரிடம் இப்படிச் சொல்லுங்கள்

எப்போது தொடங்கியது, எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, பசி எப்படி, எடை குறைந்ததா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். உயிரை விட்டுவிடலாமா என்ற நினைப்பு வந்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள். வீட்டில் ஒருவர் அப்படிச் சொன்னால் புத்திமதி சொல்லாமல் பக்கத்தில் இருங்கள், தனியே விடாதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.