கடையில் குடிக்கும் கலர் தண்ணி: பேர் என்ன, விலை என்ன?



சம்பளம் போட்ட வாரக் கடைசியில் குடும்பத்தோடு டவுனுக்குப் போகிறோம். சாமான் வாங்கி, பிள்ளைகளுக்குச் சட்டை எடுத்து, வெயிலில் அலைந்து, கடைசியில் ஒட்டுக்கடை நாற்காலியில் உட்காருகிறோம். சாப்பாடு என்ன என்று கேட்பதற்கு முன்னாலேயே கடைக்காரத் தம்பி, "மினும் அபா?" என்று குடிக்க என்ன வேண்டும் என்பதைத்தான் கேட்கிறான். நாமும் யோசிக்காமல் வாய்க்கு வந்த பேரைச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பேரில் என்ன அடங்கியிருக்கிறது என்பதைத்தான் இந்த இதழில் பார்க்கப் போகிறோம்.

'ஓ' என்றால் என்ன?

முதலில் ஒரு சம்பவம். செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி ஒருவர், ஐம்பது வயதைத் தாண்டியவர், இனிப்பு நீருக்கு என்னிடம் மாத்திரை வாங்கி வந்தார். மாத்திரையை ஒரு நாளும் விட்டதில்லை. ஆனால் இரத்தத்தில் சீனி இறங்கவே இல்லை. "அண்ணே, டீயில் சீனியை விட்டாச்சா?" என்று கேட்டால், "எப்பவோ விட்டாச்சு ஐயா. கடையில 'தே ஓ' தான் குடிக்கிறேன். காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு" என்பார். எனக்கும் அப்போது மேலே கேட்கத் தோன்றவில்லை.

ஒரு நாள் காலில் செம்பனை முள் ஏறிவிட்டது. இனிப்பு நீரால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்ததால் அவருக்கு வலி தெரியவில்லை. பூட்ஸைக் கழற்றிப் பார்த்தபோது புண் பழுத்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அவர் மனைவி என்னிடம் வந்து, "சீனியே தொடாத மனுசனுக்கு ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்ட பிறகுதான் விஷயத்தை நோண்டிப் பார்த்தேன்.

'ஓ' என்பது ஹொக்கியன் சீனச் சொல். அதற்குக் 'கறுப்பு' என்று பொருள். 'தே ஓ' என்றால் பால் இல்லாத டீ, அவ்வளவுதான். சீனி இல்லாத டீ அல்ல. கடையில் 'தே ஓ' கேட்டால் பால் ஊற்ற மாட்டார்கள், சீனியைத் தாராளமாகப் போடுவார்கள். ஒரு கிளாசுக்கு மூன்று தேக்கரண்டி என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கிளாசில் ஒன்பது கரண்டி! அந்த அண்ணன் பொய் சொல்லவில்லை. பேர் தெரியாமல் ஏமாந்தார். சரியாகக் கேட்காத குறை என்னுடையதும்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஊருக்கு ஒரு பேர்

நம் நாட்டில் குடிக்கிற சாமானுக்கு இருக்கிற பேர்கள் கொஞ்சமா? காஸ் அடைத்த போத்தலை நம் பெரியவர்கள் 'கலர்' என்றும் 'சோடா' என்றும் சொல்வார்கள். மலாய்க்காரர் 'ஆயிர் காஸ்' என்பார். கெடா, பினாங்கு பக்கம் போனால் அந்த 'ஆயிர்', 'ஆயாக்' ஆகிவிடும். ஐஸ் போட்ட கோப்பியை ஓர் ஊரில் 'கோப்பி ஐஸ்' என்பார்கள், இன்னோர் ஊரில் 'கோப்பி பெங்' என்பார்கள். சரவாக்கில் 'தே சி பெங் ஸ்பெஷல்' என்று மூன்று அடுக்கு டீ இருக்கிறது. கீழே படிந்திருப்பது வெல்லப் பாகு. சிங்கப்பூர் கோப்பிக் கடையில் 'டாக் கியூ' என்றால் மைலோ வரும். அதற்குப் 'பந்து உதைப்பது' என்று பொருள். டப்பாவில் பந்து விளையாடும் படம் இருந்ததால் வந்த பேராம்.

இந்தக் காஸ் தண்ணி இங்கே வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பிரேசர், நீவ் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் 1883-இல் சிங்கப்பூரில் தொடங்கிய சோடாக் கம்பெனிதான் இன்றைய எஃப் அண்ட் என். அந்தக் கம்பெனியின் நூறாவது ஆண்டான 1983-இல் வந்த பானம்தான் '100 பிளஸ்'.

பேர் எதுவானாலும் பரவாயில்லை. இனிப்பைக் குறைக்கும் சொற்களை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்:

கோசோங் – வெறுமை. 'தே ஓ கோசோங்' என்றால் பாலும் இல்லை, சீனியும் இல்லை. 

தே சி கோசோங் – சீனி சேர்க்காத டின்பால் ஊற்றிய டீ. பால் வேண்டும், சீனி வேண்டாம் என்பவர்கள் இதைக் கேட்கலாம். 

கூராங் மானிஸ் – இனிப்பைக் குறை. சிங்கப்பூரில் இதையே 'சியூ தாய்' என்பார்கள். இதில் சீனி குறையுமே தவிர இல்லாமல் போகாது.

'தே தாரிக்' கேட்டு, "சீனி போடாதே தம்பி" என்று சொல்வதில் பயனில்லை. அதன் இனிப்பு கெட்டிப் பாலிலேயே இருக்கிறது. அந்த டின்னில் ஏறக்குறைய பாதி சீனிதான். இன்று கடைகளில் ஊற்றுவது பெரும்பாலும் செம்பனை எண்ணெய் சேர்த்த இனிப்புக் கிரீமர். நாம் வெட்டிப் போட்ட குலைதான் சீனியோடு சேர்ந்து நம் கிளாசுக்கே திரும்பி வருகிறது! ரோஸ் சிராப்பில் பால் ஊற்றிய 'பண்டுங்' கதையும் இதுதான்.

முதல் விலை: வெள்ளியும் காசும்

இப்போது கணக்குக்கு வருவோம். எங்கள் பக்கத்து டவுன் கடையில் அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள் உட்காருகிறார்கள் என்று வையுங்கள். இரண்டு தே தாரிக் 4 வெள்ளி 40 காசு. ஒரு மைலோ ஐஸ் 3 வெள்ளி 50 காசு. ஒரு பண்டுங் 3 வெள்ளி. ஒரு டின் கலர் 3 வெள்ளி. ஆக மொத்தம் 13 வெள்ளி 90 காசு. ஐந்து பேரும் வெறுந்தண்ணி கேட்டால் கிளாஸ் 50 காசு வீதம் 2 வெள்ளி 50 காசுதான். மிச்சம் 11 வெள்ளி 40 காசு. அந்தக் காசுக்கு முட்டையோ மீனோ வாங்கிப் போகலாம்.

விலை இடத்துக்கு இடம் மாறும். ஆனால் தினக் கணக்கைப் பாருங்கள். மாதம் 1,700 வெள்ளி என்பது 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம். வாரம் ஆறு நாள் வேலை செய்பவருக்கு இது ஒரு நாளைக்கு 65 வெள்ளி 38 காசு. வேலை முடிந்து வரும்போது சில்லறைக் கடையில் தினம் ஒரு டின், இரண்டரை வெள்ளிக்கு, மாதம் 26 நாள் வாங்கினால் 65 வெள்ளி! அதாவது மாதத்தில் ஒரு நாள் பூராவும் வெயிலில் நின்று உழைத்தது டின் தண்ணிக்கே போய்விட்டது.

இதில் வரியும் இருக்கிறது. 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள போத்தல், டின் பானங்களுக்கு நம் அரசாங்கம் 2019 ஜூலை 1 முதல் லிட்டருக்கு 40 காசு வரி போட்டது. 2024-இல் 50 காசு ஆனது. 2025 ஜனவரி 1 முதல் 90 காசு. 320 மில்லி டின்னுக்கு ஏறக்குறைய 29 காசு வருகிறது. கடையில் கலக்கித் தரும் டீக்கு இந்த வரி கிடையாது. வரி இல்லை என்பதால் சீனி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

இரண்டாவது விலை: உடம்பு

டின்னைத் திருப்பிப் பாருங்கள். 100 மில்லியில் எத்தனை கிராம் சீனி என்று அச்சிட்டிருக்கும். 10 கிராம் என்று இருந்தால், 320 மில்லி டின்னில் 32 கிராம். ஒரு தேக்கரண்டி 5 கிராம் என்று வைத்தால் ஆறு கரண்டிக்கும் மேல். ஒரு நாளைக்குச் சேர்க்கும் சீனி பத்துக் கரண்டியைத் தாண்டக் கூடாது, ஐந்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன அளவு. ஆக ஒரே டின்னில் நல்ல அளவு முடிந்துபோகிறது. இதற்கு மேல் வீட்டு டீயும் பலகாரமும் இருக்கிறதே!

ஜோகூரிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு அங்கே இது இன்னும் சுலபம். 2022 டிசம்பர் 30 முதல் போத்தலிலும் டின்னிலும் ஏ, பி, சி, டி என்று தரம் போடுகிறார்கள். ஓர் ஆண்டு கழித்துக் கடையில் கலக்கும் பானங்களுக்கும் அதை நீட்டித்தார்கள். 'டி' என்றால் கடைசித் தரம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

2019-ஆம் ஆண்டு மலேசிய தேசியச் சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியரை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. லயத்தில் வாசலில் உட்கார்ந்திருக்கும் மூன்று பெரியவர்களில் ஒருவர் என்ற கணக்கு. கண், சிறுநீரகம், கால் என்று ஒவ்வொன்றாகப் பதம் பார்க்கும் நோய் இது. கலர் தண்ணி ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. பரம்பரை, உடல் பருமன், சாப்பாடு எல்லாம் சேரும். ஆனால் பரம்பரையை மாற்ற முடியாது, கிளாசை மாற்றலாம்.

சில சந்தேகங்களுக்குப் பதில்

வேலைக்காட்டில் வியர்த்துக் கொட்டுகிறதே, கலர் குடித்தால் தெம்பு வராதா? தாகத்துக்குத் தண்ணிதான் முதல் மருந்து. தாகம் எடுக்கும் வரை காத்திராமல் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி குடியுங்கள். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் தண்ணி போதவில்லை என்று அர்த்தம். தலை சுற்றினால் நிழலுக்கு வந்துவிடுங்கள்.

பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு, கலர் கொடுக்கலாமா? கூடாது. அதிகச் சீனி போக்கைக் கூட்டும். ஆஸ்பத்திரியில் உப்பு சர்க்கரைப் பொட்டலம் வாங்கிக் கரைத்துக் கொடுங்கள். அவசரத்துக்குப் பொட்டலம் கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணியில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்குங்கள். அளவு தவறக் கூடாது. பிள்ளையை உடனே காட்டவும் வேண்டும்.

இனிப்பு நீர்க்காரர் கலரைத் தொடவே கூடாதா? ஒரு நேரத்தில் அதுவே மருந்து. ஊசியோ மாத்திரையோ போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்து, கை நடுங்கி, வியர்த்து, படபடப்பு வந்தால் சீனி இறங்கிவிட்டது என்று பொருள். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணியில் கரைத்தோ, இனிப்பான கலர் அரைக் கிளாசோ குடிக்க வேண்டும். 'ஜீரோ', 'டயட்' என்று எழுதியது இதற்கு உதவாது. கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்ததும் சாப்பாடு. நினைவு இல்லாதவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

முடிவாக

பிள்ளைகள் ஆசைப்பட்டால் மாதத்தில் ஒரு நாள் வாங்கிக் கொடுங்கள், யாரும் தடுக்கவில்லை. தினம் வேண்டாம் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன். விரலை இழந்த அந்த அண்ணன் இப்போதும் அதே கடைக்குத்தான் போகிறார். வாசலில் நுழையும்போதே "தே ஓ கோசோங்!" என்று அவர் போடும் சத்தம் எதிர்க்கடை வரைக்கும் கேட்கிறதாம். அவருக்குச் சீனி அளவும் இறங்கி வருகிறது. அந்த ஒரு சொல்லுக்குக் கடையில் யாரும் காசு கேட்பதில்லை. அடுத்த முறை கடைக்குப் போனால் நீங்களும் சொல்லிப் பாருங்கள்.